கற்பனை உலக கேம்களில் ரேப்பியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகடை உருட்டி ஆடும் கேம் ஆனாலும் கன்சோலில் ஆடுவது ஆனாலும், ஆயுதப் பட்டியலில் ரேப்பியருக்கு ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் "வேகமானது, லேசானது, டேமேஜ் குறைவு" என்ற ஒற்றை வரியோடு அந்த இடம் முடிந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரேப்பியரின் உயிர் தூரத்தில் இருக்கிறது. எதிரியின் கை எட்டாத இடத்தில் நின்றுகொண்டு அவனை எட்டுவதற்காகச் செய்த வாள் அது. ஆடுபவர்கள், கேம் மாஸ்டர்கள், சொந்தமாக கேம் உருவாக்குபவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு அந்தக் கோணத்திலிருந்து பதில் சொல்லியிருக்கிறேன்.

ரேப்பியர் எந்தக் காலத்து வாள்?

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் வளர்ந்து, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கியது. நகரவாசி ஒருவர் அன்றாட உடையோடு இடுப்பில் தொங்கவிட்டுப் போவதற்கும், தெருச் சண்டைக்கும், இருவர் நேருக்கு நேர் மோதும் டூயலுக்கும் ஆனது. போர்க்களத்தில் அதற்கு முதலிடம் இருந்ததில்லை. நேரான, ஒடுங்கிய, நீண்ட அலகு. குத்துவதே முதல் வேலை. கையைச் சுற்றி இரும்பு வளையங்களோ ஒரு கிண்ணமோ காப்பாக இருக்கும்.

அலகு மட்டுமே பெரும்பாலும் 100 முதல் 115 செ.மீ. வரை வரும். யார் வாள் நீளம் என்பது ஒரு போட்டியாகவே ஆனதால், இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் 1560களில் ஆணை போட்டார்: அலகின் நீளம் ஒன்றே அரைக்கால் (1⅛) கஜத்தைத் தாண்டக் கூடாது. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 103 செ.மீ. நாலு விரல் நீளம் கூடினால் டூயலில் எவ்வளவு சாதகம் என்று அன்றைய மக்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ரேப்பியர் லேசான வாள்தானே?

இல்லை. எஞ்சியிருக்கும் பழைய ரேப்பியர்கள் பெரும்பாலும் 1 கிலோவிலிருந்து 1.4 கிலோ வரை எடை உள்ளவை. வீரர்கள் ஒற்றைக் கையில் பிடித்த இடைக்கால வாளும் ஏறத்தாழ அதே எடைதான். வித்தியாசம், எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதில். ரேப்பியரின் கைக்காப்பும், கைப்பிடியின் கடைசியிலுள்ள குமிழும் கனமானவை. அலகு முனையை நோக்கிப் போகப் போக மெலிந்துகொண்டே வரும். அதனால் வாளை விரலில் நிறுத்திப் பார்த்தால் சமநிலைப் புள்ளி கைக்காப்புக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். கையில் எடுத்தவருக்கு முனை துள்ளுவது போலத் தோன்றும். ஆனால் கையை முழுக்க நீட்டி அந்த ஒரு கிலோவைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தால் தோள்பட்டை உண்மையைச் சொல்லும்.

பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமின் ஐந்தாம் பதிப்பில் ரேப்பியருக்கு 2 பவுண்டு, லாங்ஸ்வோர்டுக்கு 3 பவுண்டு என்று போட்டிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு அதனால் பெரிய பாதகமில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாளை ஊசியாக வரைவதும், ஒரு நொடியில் ஆறு குத்து விழும்படி அனிமேஷன் செய்வதும்தான் வாளையே மாற்றிவிடுகின்றன.

அப்படியானால் எல்லா கேமிலும் அது ஏன் டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) சார்ந்த ஆயுதமாகவே இருக்கிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று, இன்றைய விளையாட்டு வாள்வீச்சு. ஃபாயில் 500 கிராமுக்குள், எப்பே 770 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. திரையில் நாம் பார்த்துப் பழகிய சுறுசுறுப்பான கத்திச் சண்டைகள் பலவும் அந்த எடையில் கற்ற உடல்மொழியில் அமைந்தவை. இரண்டாவது, கேமின் தேவை. கோடரியும் பெரிய வாளும் பலசாலிக்குப் போய்விட்டால், ஒல்லியான, சாமர்த்தியமான கேரக்டருக்கென்று மதிப்பான ஒரு ஆயுதம் வேண்டும். கத்தி சின்னது, வில் தூரத்துக்கு. நடுவில் இருக்கும் காலி இடம் ரேப்பியருக்கு வந்து சேர்ந்தது.

இந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். முனையைச் சரியான இடத்தில் வைப்பது நிச்சயமாகத் திறமை சார்ந்தது. ஆனால் சொந்தமாக விதி எழுதுபவர்கள் ஒன்றை யோசிக்கலாம்: குறைந்தபட்ச பலம் இவ்வளவு வேண்டும் என்று ஒரு சிறிய நிபந்தனை வைத்தால், எட்டு பலம் உள்ள நோஞ்சான் கேரக்டர் மணிக்கணக்கில் ரேப்பியர் நீட்டும் காட்சி தானாக மறைந்துவிடும்.

ரேப்பியரால் வெட்டவே முடியாதா?

முடியும். பலவற்றுக்குக் கூர்மையான விளிம்பு இருந்தது. முகத்திலும் மணிக்கட்டிலும் இழுத்து வெட்டும் முறைகளை அக்கால ஆசான்கள் கற்றுக்கொடுத்தார்கள். கையைத் துண்டாக்கும் வெட்டு இதில் வராது, அவ்வளவுதான். விதிகளில் குத்து டேமேஜ் மட்டும் வைத்திருப்பது நியாயமான சுருக்கம். கயிற்றை அறுக்கலாமா, திரைச்சீலையைக் கிழிக்கலாமா என்று ஆடுபவர் கேட்டால் தாராளமாகச் சரி சொல்லுங்கள்.

இரும்புக் கவசம் போட்ட எதிரி வந்தால்?

கேம்களும் வரலாறும் எதிரெதிர் திசையில் போகும் இடம் இது. 1990இல் தொடங்கிய ஃபயர் எம்பளம் தொடரில் இளவரசன் மார்த்தின் ரேப்பியர், கவச வீரர்கள் மீதும் குதிரை வீரர்கள் மீதும் கூடுதல் டேமேஜ் தரும். நிஜத்தில் முழு எஃகுக் கவசத்தின் முன் ரேப்பியர் திணறும். தகட்டில் முனை வழுக்கும், அலகு வளையும். அக்குள், கழுத்தோரம், முகமூடிப் பிளவு என்று இடைவெளி தேடித்தான் குத்த வேண்டும். அந்த வேலைக்கென்றே எஸ்டோக் என்ற வாள் தனியாக இருந்தது: விளிம்பில்லாமல், மூன்று பட்டையாகவோ நான்கு பட்டையாகவோ விறைப்பான கம்பி போன்ற அலகு. டார்க் சோல்ஸ் வரிசை கேம்கள் எஸ்டோக்கையும் ரேப்பியரையும் ஒரே குத்துவாள் வகையில் சேர்த்திருக்கின்றன. குடும்பம் ஒன்றுதான், வேலை வேறு.

ஃபயர் எம்பளம் செய்ததைத் தவறு என்று தள்ள எனக்கு மனமில்லை. முதல் அத்தியாயத்திலிருந்தே பலவீனமான இளவரசனிடம் கவச வீரனை வீழ்த்தும் ஒரு கருவியைக் கொடுத்து, அவனை எங்கே நிறுத்துவது என்று ஆடுபவரை யோசிக்க வைக்கிறது அந்தச் சிறப்பு விதி. நீங்கள் நிஜத்துக்கு நெருக்கமாகப் போக விரும்பினால், கவசத்தின் மீது சாதாரண டேமேஜைக் குறைத்துவிட்டு, கிரிட்டிகல் (பகடையில் உச்ச எண் விழுந்து பலமாகப் படும் அடி) விழும்போது மட்டும் கவசம் கணக்கில் வராமல் செய்யுங்கள். இடைவெளியைக் கண்டுபிடித்த குத்து என்று அதற்கு ஆட்டத்திலேயே பொருள் கிடைக்கும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ரோக் (ஒளிந்து தாக்கும் திருடன்) கேரக்டருக்கு ரேப்பியரா, இரண்டு ஷார்ட்ஸ்வோர்டா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, கணக்கோடு பார்ப்போம். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் ரேப்பியர் 1டி8 (எட்டு முகப் பகடை ஒன்று), ஷார்ட்ஸ்வோர்டு 1டி6 (ஆறு முகப் பகடை ஒன்று). சராசரி 4.5, 3.5. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ரோக்கின் உண்மையான பலம், எதிரி அசந்த நேரத்தில் விழும் கூடுதல் டேமேஜான ஸ்னீக் அட்டாக்கில் இருக்கிறது. ஐந்தாம் லெவலில் அது 3டி6, சராசரி 10.5. ஒரு டர்னுக்கு ஒரு தடவைதான் அது விழும். ஆகவே கேள்வி, அந்த ஒரு தடவை விழுவதற்கு எத்தனை வாய்ப்பு கிடைக்கிறது என்பதே.

அடி படும் வாய்ப்பு 60 சதவீதம், டெக்ஸ்டெரிட்டி கூட்டல் 4 என்று வையுங்கள். ரேப்பியரால் ஒரு குத்து: பட்டால் 4.5, 4, 10.5 சேர்ந்து 19. அறுபது சதவீதத்துக்கு 11.4. இரண்டு ஷார்ட்ஸ்வோர்டில் ஏதாவது ஒன்றாவது படும் வாய்ப்பு 84 சதவீதம். முதல் அடி 7.5, இரண்டாவது 3.5 (இரண்டாவதில் டெக்ஸ்டெரிட்டி சேராது), ஸ்னீக் அட்டாக் 84 சதவீதம். மொத்தம் ஏறத்தாழ 15.4. கிரிட்டிகலை நான் சேர்க்கவில்லை. டேமேஜ் மட்டுமே குறி என்றால் இரண்டு ஷார்ட்ஸ்வோர்டுதான் முன்னால் நிற்கிறது.

ஆனால் இரண்டாவது அடிக்கு, டர்னுக்கு ஒன்று மட்டுமே கிடைக்கும் உபரிச் செயலான போனஸ் ஆக்‌ஷன் செலவாகும். ரோக்குக்கு அந்த போனஸ் ஆக்‌ஷன்தான் ஒளிவதற்கும், ஓடுவதற்கும், அடிபடாமல் விலகுவதற்கும் வழி. ரேப்பியர் பிடித்த ரோக் குத்திவிட்டு விலகிவிடுவார். இரண்டு ஷார்ட்ஸ்வோர்டு பிடித்தவர் குத்திவிட்டு எதிரியின் முன்னாலேயே நிற்பார். எனவே கூட்டத்தில் ஒளிந்து தாக்கும் பாணிக்கு ரேப்பியர். ஸ்வாஷ்பக்ளர் என்ற உட்பிரிவு எடுத்தவருக்கு, தான் விலகும்போது, தான் தாக்கிய எதிரியால் திருப்பி அடிக்க முடியாது என்ற சலுகை இருப்பதால், அவர் இரண்டு ஷார்ட்ஸ்வோர்டும் பிடித்துக்கொண்டு விலகவும் செய்யலாம்.

2024 விதிகளில் ரேப்பியருக்கும் ஷார்ட்ஸ்வோர்டுக்கும் ஒரே மாஸ்டரி (ஆயுதத்தின் சிறப்புத் திறன்): பட்டால் அதே எதிரி மீது அடுத்த அடிக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது). சிறிய கத்திக்கு (டேகர்) வேறொரு மாஸ்டரி இருக்கிறது. அது இரண்டாவது அடியை போனஸ் ஆக்‌ஷன் இல்லாமலேயே கொடுத்துவிடும். ஷார்ட்ஸ்வோர்டும் கத்தியும் சேர்ந்த ஜோடி இதனால் இன்னும் வலுவடைந்திருக்கிறது. கேடயம் பிடிப்பவருக்கும், ஒரு கையை மந்திரத்துக்குக் காலியாக வைக்க வேண்டிய பாணனான பார்டுக்கும் இன்றும் ரேப்பியர்தான் என் பரிந்துரை.

வேறு விதிகளில் அது எப்படி இருக்கிறது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய 3.5 பதிப்பில் ரேப்பியர் 1டி6தான், ஆனால் 20க்குப் பதில் 18, 19, 20 மூன்றிலும் கிரிட்டிகல் வாய்ப்பு. நூற்றுக்கு 5 என்பது 15 ஆகிறது. வாளைக் கூர்மையாக்கும் கீன் மந்திரம் சேர்ந்தால் 15 முதல் 20 வரை, அதாவது 30. அதே வகை கேமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் 1டி6, கிரிட்டிகல் விழுந்தால் கூடுதலாக ஒரு டி8, எதிரியின் ஆயுதத்தைத் தட்டிவிடும் தன்மை வேறு.

மூன்றில் எனக்குப் பிடித்தது பாத்ஃபைண்டர் வடிவம். சராசரிக் குத்து சாதாரணமாகவும், சரியான இடத்தில் பட்ட குத்து கொடூரமாகவும் இருக்க வேண்டும் என்ற உணர்வு அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. ஐந்தாம் பதிப்பின் 1டி8 எளிமையானது, புதியவருக்கு நல்லது, ஆனால் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு லாங்ஸ்வோர்டுக்கும் இதற்கும் வித்தியாசமே உறைக்காது.

தூரம் என்று இவ்வளவு சொல்கிறீர்கள். விதிகளில் அதை எப்படிக் கொண்டுவருவது?

ஐந்தாம் பதிப்பில் கத்திக்கும் ரேப்பியருக்கும் எட்டும் தூரம் ஒன்றேதான், 5 அடி. நிஜத்தில் ரேப்பியர்காரர் லன்ஜ் போட்டு, அதாவது முன்காலை நீட்டிப் பாய்ந்து குத்தினால் நின்ற இடத்திலிருந்து 2 மீட்டருக்கு அப்பால் இருப்பவரையும் எட்டிவிடுவார். கத்திக்காரர் அந்த இடைவெளியைத் தாண்டி உள்ளே வரும் அந்த ஒரு கணம்தான் சண்டையின் உச்சம். வந்துவிட்டால் நிலைமை தலைகீழ்: அத்தனை நீள வாளை மடக்கிக் குத்த இடம் கிடையாது.

நான் பரிந்துரைக்கும் வீட்டு விதி இது. ரேப்பியரை விடச் சிறிய ஆயுதம் வைத்திருக்கும் எதிரி உங்களுக்குப் பக்கத்தில் வரும்போது, ஒரு மோதலில் ஒரு தடவை மட்டும், உங்கள் ரியாக்‌ஷனைச் செலவழித்து ஒரு குத்து குத்தலாம். அவன் உள்ளே வந்து கட்டிப்பிடித்துவிட்டால் உங்கள் ரேப்பியர் தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ். இரண்டு வரிதான். ஆனால் அதற்குப் பிறகு ஆடுபவர்கள் தங்கள் கேரக்டர் பொம்மையை நகர்த்தும் விதமே மாறும். தாழ்வாரத்தில் நின்றால் நல்லதா, மேசைக்குப் பின்னால் நின்றால் நல்லதா என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

எல்டன் ரிங்கிலும் டார்க் சோல்ஸிலும் ரேப்பியரை எப்படிப் பயன்படுத்துவது?

இந்த கேம்கள் ரேப்பியருக்குக் கொடுத்த பெரிய பரிசு, கேடயத்தை இறக்காமலேயே குத்தும் வசதி. இடது கையில் கேடயம் உயர்ந்திருக்க, அதன் ஓரமாக வாள் முனை மட்டும் வெளியே வந்துபோகும். சாதாரண வாள்காரருக்குத் தாக்குவதா தடுப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு கணமும் உண்டு; உங்களுக்கு இல்லை. விலை ஸ்டாமினா. கேடயத்தில் விழும் ஒவ்வொரு அடியும் ஸ்டாமினாவைத் தின்னும், உங்கள் குத்தும் அதே ஸ்டாமினாவிலிருந்துதான் எடுக்கும். பேராசைப்பட்டு மூன்றாவது குத்தும் போட்டுவிட்டால், அடுத்து வரும் கனமான அடி கேடயத்தை உடைத்துத் திறந்துவிடும்.

ஒரு கவச வீரனோடு மோதுவதை நிதானமாகப் பாருங்கள். அவன் வாளைப் பின்னுக்கு இழுக்கிறான். புதிதாக ஆடுபவர் இந்த இடத்தில் உருண்டு ஓடுவார். ரேப்பியர்காரர் காத்திருந்து, வாள் முன்னோக்கிக் கிளம்பிய பின் குத்த வேண்டும். எல்டன் ரிங்கில் எதிரி தாக்கிக்கொண்டிருக்கும்போது விழும் குத்துக்குக் கூடுதல் டேமேஜ் உண்டு. ஸ்பியர் டாலிஸ்மன் அணிந்தால் அது இன்னும் ஏறும். அவன் அடி கேடயத்தில் மோதுகிறது, உங்கள் முனை அவன் மார்பில். இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில். 17ஆம் நூற்றாண்டு ஆசான்கள் மெச்சியதும் இதைத்தான்: முதலில் தடுத்து, அப்புறம் குத்தாமல், எதிரியின் அடிக்குள்ளேயே உங்கள் குத்தும் நடந்துவிட வேண்டும்.

எந்த ரேப்பியர் எடுப்பது? ஆரம்பத்தில் ரோஜியரின் ரேப்பியர் நல்ல தேர்வு, ஏற்கெனவே +8 வரை உயர்த்தப்பட்டுக் கைக்கு வரும். பொறுமையாக ஆடுபவருக்கு ஆண்ட்ஸ்பர் ரேப்பியர். ஸ்கார்லெட் ராட் என்ற அழுகலை ஏற்றிவிட்டால் எதிரியின் உயிர் தானாகக் கரையும். ஹிட்பாக்ஸ் (அடி படும் பரப்பு) ஒடுக்கமானது என்பதை மறக்க வேண்டாம். நாய்க்கூட்டம் சூழ்ந்துகொண்டால் ரேப்பியர் தனியாகக் காப்பாற்றாது, மாற்று ஆயுதம் ஒன்றைக் கையோடு வையுங்கள்.

இடது கையில் என்ன வைப்பது?

வரலாற்றில் தற்காப்புக் கத்தி, சிறிய வட்டக் கேடயம், கையில் சுருட்டிய மேலங்கி, வெறுங்கை என்று எல்லாமே உண்டு. கத்திதான் அதில் அழகானது: எதிரியின் வாளைக் கத்தியால் பிடித்து ஓரம் தள்ளும் அதே நேரத்தில் ரேப்பியர் குத்தும். பல கேம்கள் இரண்டாவது கையை "இன்னொரு அடி" என்று மட்டுமே பார்க்கின்றன. பாத்ஃபைண்டரின் மெய்ன்கோஷ் என்ற கத்திக்குத் தடுக்கும் தன்மை விதியிலேயே இருப்பது அதனால் எனக்கு மகிழ்ச்சி.

பிளட்போர்னின் ரைட்டர்பல்லாஷ், ரேப்பியரும் துப்பாக்கியும் ஒன்றாகச் சேர்ந்த ஆயுதம். பால்டர்ஸ் கேட் 3இல் கிடைக்கும் டூவலிஸ்ட்ஸ் ப்ரெராகெடிவ் என்ற அபூர்வ ரேப்பியர், மறுகை காலியாக இருந்தால் போனஸ் ஆக்‌ஷனில் கூடுதலாக ஓர் அடி தரும். கையைக் காலியாக விடுவதற்கே ஒரு பரிசு கொடுத்த யோசனை அருமை. ஒற்றை வாளோடு பக்கவாட்டில் நிற்கும் அந்தத் தோற்றத்துக்கு ஆட்டத்தில் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அரக்கர்கள், எலும்புக்கூடுகள் மீது பயன்படுமா?

விதியைப் பொறுத்தது. 3.5இல் எலும்புக்கூடு மோசமான எதிரி: நசுக்கும் ஆயுதம் தவிர மற்ற எதுவானாலும் டேமேஜில் 5 கழியும், கிரிட்டிகலும் செல்லாது. ஐந்தாம் பதிப்பில் குத்துக்கு அந்தக் கழிவு இல்லை. ஓக்கர் ஜெல்லி போன்ற கூழ் உயிரிகளை வெட்டினால் இரண்டாகப் பிரிந்து பெருகும், குத்தினால் பிரியாது. குழுவில் எல்லோரும் வாளை இறக்கிவிட்டு ரேப்பியர்காரரைப் பார்க்கும் அபூர்வத் தருணம் அது. 2014 விதியில் ராட்சசனுக்கு, நல்லவர் கையிலுள்ள மந்திர ஆயுதத்தின் குத்து இரட்டிப்பாக வலிக்கும். டிராகன் போன்ற பேருடல் மீது ஒரு மீட்டர் முனை எதைத் தொடும் என்று கேட்டால், கண், வாயின் உட்புறம், செதிலின் அடிமடி என்று கேம் மாஸ்டர் இடம் காட்டினால் போதும்.

ஒரு ரேப்பியரை வரையவோ மாடல் செய்யவோ போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

கையிலிருந்து. முதலில் கையை வரைந்து, அதைக் காப்பதற்காகக் கைக்காப்பைச் சுற்றிக் கட்டுங்கள். ரேப்பியர் பிடிப்பவரின் ஆள்காட்டி விரல் பெரும்பாலும் குறுக்குச் சட்டத்தைத் தாண்டி, அலகின் கூர்மழித்த அடிப்பகுதி மேல் வளைந்து நிற்கும். முனையைத் திசைதிருப்பும் கட்டுப்பாடு அந்த விரலில்தான். அந்த விரல் குறுக்குச் சட்டத்துக்கு வெளியே இருப்பதால்தான் அதைக் காக்க வளையங்கள் முளைத்தன, அவற்றிலிருந்து விரல் முட்டிகளைக் காக்க ஒரு வில் இறங்கியது, 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் எல்லாம் சேர்ந்து ஒரு கிண்ணமாக மூடியது. இந்தக் காரண வரிசை தெரிந்தால், நீங்கள் கற்பனையாகப் போடும் கொடியும் பாம்பும் இறக்கையும் தானாகவே சரியான இடத்தில் அமையும். தெரியாமல் போட்டால், விரல் நுழைய இடமே இல்லாத பூவேலைப்பாடு மிஞ்சும்.

அடுத்து அளவு. வாளை நிமிர்த்தித் தரையில் ஊன்றினால் குமிழ் இடுப்பைத் தாண்டி விலாவுக்கு வர வேண்டும். கேம்களில் பெரும்பாலான ரேப்பியர்கள் குட்டையாக இருக்கின்றன. கேமரா கேரக்டரின் முதுகுக்குப் பின்னால் நிற்பதும், நீள வாள் சுவருக்குள் புகுந்துவிடுவதும் காரணம். குறைக்க வேண்டியிருந்தால் கைப்பிடியையும் கூடவே குறைக்காதீர்கள், அலகு தடிப்பதாகத் தோன்றும்.

அலகு அடியில் தடிமனாகவும் முனையில் மெலிந்தும் இருக்கட்டும். கைப்பிடியை ஒட்டிய பாதி தடுப்பதற்கு, முனையை ஒட்டிய பாதி தாக்குவதற்கு. இந்த இரண்டு வேலைகளும் வடிவத்திலேயே தெரிய வேண்டும். முழு நீளமும் ஒரே தடிமனில் இருந்தால் அது தையல் ஊசி போலத் தெரியும். முதுகில் மாட்டாதீர்கள். ஒரு மீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தோளுக்கு மேலாக உருவ எந்தக் கையும் நீளாது. இடுப்புப் பட்டையிலிருந்து சாய்வாகத் தொங்கும் உறையில், முனை பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தால், கேரக்டர் திரும்பும்போதெல்லாம் வாலாட்டுவது போல ஓர் அசைவும் கிடைக்கும்.

அனிமேஷனில் குத்து ஏன் எப்போதும் பலவீனமாகத் தெரிகிறது?

பெரும்பாலும், குத்துவதற்கு முன் கையைப் பின்னால் இழுப்பதால். வெட்டுக்கு அந்த இழுப்பு வேண்டும், குத்துக்கு வேண்டாம். ரேப்பியர் ஏற்கெனவே எதிரியை நோக்கி நீண்டிருக்கிறது. சரியான வரிசை: கை நீள்கிறது, உடல் முன்னால் சாய்கிறது, கடைசியில் கால் விழுகிறது. கால் தரையைத் தொடும்போது முனை ஏற்கெனவே இலக்கில். காலை முதலில் வைத்துவிட்டுக் கையை நீட்டினால், எதிரி காலைப் பார்த்தே விலகிவிடுவான்.

கேமில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. முன்னறிவிப்பே இல்லாத அடி எதிரே ஆடுபவருக்கு அநியாயமாகத் தோன்றும். கையை இழுக்காமல் எப்படி அறிவிப்பது? முனையை வைத்து அறிவியுங்கள். தயார்நிலையில் முனை சற்று கீழே வட்டமிட்டுக்கொண்டிருக்கட்டும். குத்துவதற்கு முன் அது சட்டென்று நின்று, நேராகி, எதிரியின் கண்ணை நோக்கட்டும். அந்த அசையாமையே எச்சரிக்கை. சில ஃபிரேம்கள் போதும், ஆடுபவர்கள் சீக்கிரமே படித்துக்கொள்வார்கள்.

டேமேஜ் பட்ட பிறகு வாளை உருவி எடுக்கும் அசைவுக்கு நேரம் கொடுங்கள். லன்ஜ் போட்டவர் திரும்பித் தயார்நிலைக்கு வருவதே இந்த ஆயுதத்தின் பெரிய ஆபத்து. அங்கேதான் எதிரிக்கு வாய்ப்பு. குத்து வேகமாகவும் மீள்வது மெதுவாகவும் இருந்தால் ஆட்டத்தின் சமநிலை தானாக வந்துவிடும், டேமேஜ் எண்ணைக் குறைக்க வேண்டியதே இல்லை.

மந்திரத்தோடு ரேப்பியர் சேருமா?

நன்றாகவே சேரும். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் 2017இல் வந்த ரெட் மேஜ் எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம். தூரத்தில் நின்று கறுப்பு, வெள்ளை மந்திரங்களால் மானாவைச் சேர்த்து, ஒரே தாவலில் எதிரியின் முன் வந்து ரேப்பியரால் மூன்று அடி, பிறகு பின்னால் பாய்ந்து விலகல். உள்ளே போவது, வெளியே வருவது என்ற ரேப்பியரின் அடிப்படைத் தாளம் அப்படியே மந்திரவாதிக்குப் பொருந்திவிட்டது. நியூ வேர்ல்டில் ரேப்பியரின் பலம் டெக்ஸ்டெரிட்டியிலும் இன்டெலிஜென்ஸிலும் சேர்ந்து ஏறுவதும் மந்திரவாதிகளுக்கு வசதி. மந்திர ரேப்பியர் உருவாக்கும்போது "தீ டேமேஜ் கூட்டல் 1டி6" என்று நிறுத்திவிடாமல், தூரத்தையோ நேரத்தையோ தொடும் சக்தி கொடுங்கள்: குத்திய இடத்துக்கு ஒரு அடி இழுக்கும் வாள், தடுத்தவுடன் எதிரியை அரை நொடி உறைய வைக்கும் வாள்.

கேம் மாஸ்டராக ஒரு ரேப்பியர் சண்டையை எப்படி விவரிப்பது?

"குத்துகிறாய், 7 டேமேஜ்" என்பதற்கு முன் வாளும் வாளும் தொடும் கணத்தைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு:

"இருவர் முனையும் உரசி நிற்கிறது. அவன் அழுத்துகிறான், உன் மணிக்கட்டில் அந்த அழுத்தம் தெரிகிறது. நீ எதிர்த்துத் தள்ளவில்லை, முனையை அவன் அலகுக்குக் கீழாகச் சுழற்றி மறுபக்கம் கொண்டுவருகிறாய். அவன் தள்ளிய வேகத்திலேயே அவன் வாள் ஓரம் போகிறது. தோளுக்குக் கீழே சட்டை கிழிகிறது."

பகடையில் தவறிய அடிக்கும் இதே கவனம் வேண்டும். ரேப்பியர் சண்டையில் தவறுவது என்பது காற்றில் வீசுவதல்ல. எதிரி அலகின் அடிப்பகுதியால் உங்கள் முனையை ஓரம் தள்ளினான் என்று பொருள். சேதம் குறைவாக விழுந்தால் முன்கையில் கீறல், உயிர்ப்புள்ளி தீரும் கடைசி அடிக்கு மட்டும் உடலில் இறங்கிய குத்து. நாலு அங்குலம் இறங்கினாலே ஆள் பிழைப்பது கடினம் என்பதால், முதல் சுற்றிலேயே "மார்பில் குத்திவிட்டாய்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் சொல்ல ஒன்றும் இருக்காது.

பழைய வாள் ஆசான்களிடமிருந்து கேமுக்கு என்ன எடுக்கலாம்?

நிறைய. 1553இல் காமில்லோ அக்ரிப்பா வாள் நிலைகளை நான்காகச் சுருக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணே பெயர். கன்ட்ரோலரின் நான்கு திசைப் பொத்தான்களில் அப்படியே உட்காரும் அமைப்பு அது. 1606இல் கோபன்ஹேகனில் நூல் வெளியிட்ட சால்வத்தோர் ஃபாப்ரிஸ், முதுகை வளைத்து மிகத் தாழ்வாக நிற்கும் தோற்றத்தைக் காட்டினார். நிழலுருவத்திலேயே அடையாளம் தெரியும் வில்லனுக்கு அந்த நிலை பொருத்தம். 1610இல் ரிடோல்ஃபோ காப்போ ஃபெர்ரோ வரைந்து காட்டிய நீண்ட லன்ஜ், பாய்ச்சல் அனிமேஷனுக்கு இன்றும் நேரடியான வழிகாட்டி.

ஸ்பானிய முறை வேறு. அங்கே நேர்கோட்டில் முன்னும் பின்னும் போவதை விட, எதிரியைச் சுற்றி ஒரு கற்பனை வட்டத்தின் ஓரமாக நடப்பார்கள். 1630இல் ஜெரார்ட் திபோ அந்த வட்டத்தை மனித உடல் அளவிலிருந்தே கணக்கிட்டு, அடி வைக்க வேண்டிய இடங்களைத் தரையில் கோடு போட்டே காட்டினார். கட்டம் போட்ட வரைபடத்தில் ஆடும் கேம் உருவாக்குபவர் அந்தப் படங்களைப் பார்த்தால், சதுரக் கட்டத்தை விட்டுவிட்டு வட்டத்தில் ஒரு டூயல் பலகை செய்யலாமே என்று கை பரபரக்கும். இத்தாலிய முறை கேரக்டர் நேர்கோட்டில் பாய, ஸ்பானிய முறை கேரக்டர் வட்டத்தில் நழுவ, ஒரே ஆயுதம் ஏந்திய இருவர் முற்றிலும் வேறு வேறாக ஆடுவார்கள்.

முதல் தடவையாக ரேப்பியரை நம்பிய கேரக்டர் (பில்ட்) எடுக்கிறேன். ஒரே ஒரு அறிவுரை?

தாக்கும் பொத்தானை விட்டுவிட்டு, எதிரியின் அடி எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். அந்த எல்லைக்கு அரை அடி வெளியே நிற்கப் பழகுங்கள். அவன் வீசி, வாள் உங்கள் முன்னால் காற்றைக் கடந்து போனதும் ஒரு குத்து, ஒரு அடி பின்னால். இரண்டாவது குத்து தேவைப்பட்டால் அவன் மறுபடியும் வீசுவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.